பச்சைக் கோட்டுக்காரி

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே அத்தானுக்கு இடுப்புவலி, எனக்கு எரிச்சல். இரண்டும் பழையவைதான், கவலைப்படாதே. உன் இருமல் நின்றதா இல்லையா? ஹோட்டல் ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டால் "சரி சரி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் தெரு சலவைக்கடை மாடியில் சாயங்காலங்களில் ஒரு கூட்டம் கூடுகிறது. ஊரார் வேண்டாம் என்று கழிக்கும் துணிகளை வாங்கி, தையல் பிரித்து, வெட்டி, துண்டோடு துண்டு சேர்த்து விரிப்பும் பையும் திரைச்சீலையுமாகத் தைக்கிறார்கள். தங்களுக்குத் தாங்களே 'கந்தல் கூட்டம்' என்று பெயர் வேறு. நல்ல விரிப்புகள் பெரிய ஆசுபத்திரியின் பிரசவ வார்டுக்குப் போகின்றன. பகலெல்லாம் தையல்கடையில் அடுத்தவர் உடுப்பைச் சுருக்கியும் விட்டும் கொடுக்கிறேனே, சாயங்காலமாவது எனக்குப் பிடித்ததைத் தைக்கலாம் என்று போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே தலைவி ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். யார் எதைத் தைத்தாலும் குறை சொல்லக் கூடாது என்பது அவருடைய சட்டம். நேற்று நர்ஸ் ஒரு பை தைத்தார். ஆசுபத்திரி வேலை முடிந்து நேராக வருகிறவர், நல்ல மனுஷி. ஆனால் அந்தப் பைக்குள் கையை விட்டால் கை அந்தப் பக்கமாக வெளியே வருகிறது. டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து, எவ்வளவு மனசு வைத்துத் தைத்திருக்கிறீர்கள் என்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பைக்கு மனசு எதற்கு, அடிப்பக்கம் இருந்தால் போதாதா? வீட்டுக்கு வந்து அத்தானிடம் கொட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே தூங்கிப் போனார்.

ஒன்று மட்டும் பிடித்திருக்கிறது. தையல் பிரிக்கும்போது, இந்தத் துணி யாருடையதாக இருக்கும் என்று ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே பிடித்துத் தைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும், ஆளையே எதிரில் நிறுத்திவிடுவேன்.

உங்கள் ஹோட்டலில் கிழிந்த விரிப்புகளை என்ன செய்கிறார்கள்? துணியறை உன் பொறுப்பில்தானே இருக்கிறது, கேட்டு அனுப்பு. பகலில் வீட்டில் வாங்க ஆளில்லை. சலவைக்கடை முகவரிக்கே போடு.

எப்போது வருகிறாய்? கேட்டால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். அவன் உன்னை விட்டுப் போனது அவனுக்குத்தான் கேவலம். இந்தத் தெருவுக்கு மறதி அதிகம், எல்லாம் எப்போதோ மறந்தாயிற்று. உன் அறை அப்படியே இருக்கிறது. அத்தானுடைய பழைய டயர் இரண்டு மட்டும் அதில் கிடக்கிறது.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. அத்தான் இடுப்புக்கு ஒத்தடம் கொடு. பேச்சுக் கொடுக்காதே, அதனால்தான் அவர் தூங்குகிறார்.

விரிப்புகள் ஒரு மூட்டை அனுப்பியிருக்கிறேன். ஓரம் நைந்தவை, தேநீர்க் கறை பிடித்தவை. விருந்தாளிகள் அறையில் விட்டுப் போகும் உடுப்புகளும் உண்டு. கேட்டு வருவார்கள் என்று கொஞ்ச காலம் வைத்திருப்போம், வராவிட்டால் கழித்துவிடுவோம். அப்படி ஏதாவது சேர்ந்தால் அதையும் இனி அனுப்புகிறேன்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அறையில் ஜன்னல் இருக்கிறது, வேலையில் மரியாதை இருக்கிறது. உடுப்பு விஷயத்தில் நான் பழைய ஆள் இல்லை. குளிருக்கென்றும் வெளியே போக வரவென்றும் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

தெருவுக்கு மறதி அதிகம் என்கிறாய். எனக்கு இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தேனே, வழியெல்லாம் ஒவ்வொரு வாசலிலும் "பாவம்" என்றார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தொட்டு வேறு சொன்னாள். திரும்பி வருகிற அன்றைக்கு அந்த வார்த்தை யார் வாயிலும் வராதபடி வருவேன். அதுவரை எப்போது எப்போது என்று கேட்காதே.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


மார்ச் 29

அன்புள்ள தங்கைக்கு,

உன் மூட்டையும் வந்தது, கடிதமும் வந்தது. மூட்டைக்குச் சந்தோஷம். கடிதத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் சண்டைதான். அத்தானுக்கு இடுப்பு தேவலை. பஸ் ஓட்டுகிறவருக்கு உட்கார்ந்தே தீர வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

விரிப்புகள் ஓரம்தான் போயிருக்கின்றன, நடுப்பாகம் இரும்பு. விரிப்புக்கு அடித்துணியாக வைக்க அதைவிட வேறு என்ன வேண்டும். பொத்தானம்மா, அதாவது எந்தத் துணி வந்தாலும் முதலில் பொத்தானை வெட்டி டப்பாவில் போட்டுக்கொள்கிற அம்மாள், உன் விரிப்புகளில் பொத்தானே இல்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இந்த மாதம் என் பேச்சு ஒன்று அங்கே எடுபட்டது. மூலைக்கடைக்காரர் மனைவி ஒரு மேல்சட்டையைக் கழித்துக் கொடுத்தாள். மறுநாள் படியேறி வந்து, மடித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, இன்னும் போடலாம் போலிருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போனாள். இப்படிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிப் போகிறவர்கள் வரிசையாக வருகிறார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: எந்தத் துணி வந்தாலும் வந்த அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். கை தனி, காலர் தனி, உடல் தனி. பிரித்த துணியை எந்த மகராசியும் திருப்பிக் கேட்க மாட்டாள். டீச்சர், ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமே என்று இழுத்தார். பொறுத்ததால் வந்த வினைதானே இது என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இனி நம் மாடியில் ராத்திரி தங்குகிற துணி எதுவும் முழு உடுப்பாகத் தங்காது.

எப்போது என்று நான் கேட்கவில்லை, கவனித்தாயா? டயரை மட்டும் அறையிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா


மே 20

அன்புள்ள அக்கா,

உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது. நான் நன்றாக இருக்கிறேன். உடனே பதில் போடாததற்குக் கோபிக்காதே, வேலை நெருக்கடி.

மேலே புது முகவரி எழுதியிருக்கிறேன். கூட வேலை செய்கிற தோழியின் அறை. பழைய அறையில் தண்ணீர்க் கஷ்டம்.

இன்னொரு மூட்டை போட்டிருக்கிறேன். அதைப் பற்றி விளக்கி எழுத எனக்கு வரவில்லை. நீ தையல்காரி, திறந்து பார்த்தாலே உனக்குப் புரியும்.

தங்கை


ஜூன் 9

அடி என் தங்கமே,

நலம், நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. உன் மூட்டையைத் திறந்தால் என்ன துணி, என்ன துணி! பார்த்தாலே புரியும் என்றாய். புரிந்தது. இந்தக் கந்தல் கூட்டத்துக்கு இதுவரை இப்படி ஒரு வரவு இல்லை. யாரோ ஒரு விருந்தாளி அம்மாள் பெட்டியோடு விட்டுப் போய்விட்டாள் போலிருக்கிறது. கனத்த பச்சைக் கோட்டு ஒன்று, உள்ளே வழவழப்பான துணி வைத்துத் தைத்தது. பாவாடைகள், சட்டைகள், கம்பளிகள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். விளக்கு வைப்பதற்குள் எல்லாம் பிரித்தாயிற்று. கோட்டு என் பங்கு. என் கையாலேயே பிரித்து, ஓரங்களைக் கத்தரித்து, முதுகுப் பக்கத்தைச் சதுரமாக வெட்டினேன். வெட்டும்போது கத்தரி வெண்ணெயில் போவது போலப் போயிற்று.

அந்த அம்மாளைப் பற்றி நாங்கள் கட்டிய கதையைக் கேள். நான்தான் ஆரம்பித்தேன். பாவாடை இடுப்பை ஒரு தடவை பிடித்துத் தைத்து, அப்புறம் மறுபடியும் பிடித்திருக்கிறாள். ஆள் மெலிந்துகொண்டே வருகிறாள். தையல்காரரிடம் கொடுக்கவில்லை, தானே ஊசி பிடித்திருக்கிறாள், நூல் நிறம்கூடச் சேரவில்லை. கோட்டில் வலது முழங்கை மட்டும் தேய்ந்திருக்கிறது. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்க்கிறவள் என்றேன். பணக்காரி இல்லை, வீம்புக்காரி என்றார் பொத்தானம்மா. ஒவ்வொன்றும் யாருக்கோ காட்டுவதற்காக வாங்கியது, வசதிக்காக வாங்கியது ஒன்றுகூட இல்லை என்றார் டீச்சர், அவரே. கடைசியில் நர்ஸ், "இவளுக்குன்னு ஒருத்தரும் இல்லைங்க. இருந்திருந்தா இந்தப் பச்சை உனக்கு வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்று சொன்னார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்புறம் எனக்கே ஒரு மாதிரியாகி, பாவம் என்றேன்.

அத்தான் அடுத்த வாரம் உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். சும்மாதான்.

மகிழ்ச்சியில் தலைகால் தெரியாத,
அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

துணிகள் பயன்பட்டதில் சந்தோஷம். அந்த அம்மாளைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

தங்கை


ஜூலை 12

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மூன்று வரிக்கு ஒரு தபால்தலையா? கை வலித்ததா உனக்கு? நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன், அத்தான் சுண்ணாம்பு அடித்ததைச் சொல்கிறேன், நீ அரசாங்கக் கடிதம் மாதிரி பதில் போடுகிறாய். என்ன கோபம் என்றாவது சொல்லித் தொலை. உனக்கு வாயும் இல்லை, கையும் இல்லை என்று

மேலே உள்ளதை முந்தாநாள் எழுதி, கடைக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே வைத்துவிட்டுப் போனேன். கிழிக்கவில்லை. நான் எவ்வளவு பெரிய மடச்சி என்று நீ பார்க்க வேண்டும்.

நேற்று மாடியில் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். பொத்தானம்மா ஒரு சட்டையின் முன்பக்கங்களைக் கொண்டுவந்து, இது எந்தத் தையல்காரி வேலை, பொத்தான் இருக்க வேண்டிய பக்கம் காஜா, காஜா இருக்க வேண்டிய பக்கம் பொத்தான் என்று எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று காட்டினார். கையில் வாங்கிப் பார்த்தேன். நீ இடதுகைக்காரி, எல்லாருக்கும் வைக்கிற பக்கம் வைத்தால் உனக்குப் பொத்தான் போட வராது என்று சின்ன வயதிலிருந்து உன் சட்டைக்கெல்லாம் நான் பக்கம் மாற்றித்தானே வைப்பேன். நீ ஊருக்குக் கிளம்பும்போது தைத்துக் கொடுத்த மஞ்சள் சட்டை அது. துவைத்துத் துவைத்து வெள்ளையாகிவிட்டது. அன்றைக்கு அது வேறு ஆள் பங்குக்குப் போனதால் என் கண்ணில் படவில்லை.

மற்றத் துண்டுகளையெல்லாம் தரையில் கொட்டித் தேடினேன். ஒன்று உன்னுடையது என்றால் எல்லாமே உன்னுடையதுதானே? அந்தக் கோட்டு? அந்தப் பாவாடைகள்? எதற்காகடி உன் துணி அத்தனையையும் அனுப்பினாய்? உனக்கு என்ன ஆயிற்று? உடம்பா? வேலையா? இவ்வளவு மெலிந்துவிட்டாயா?

நான் எழுதின கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. ஹோட்டலுக்கு ஃபோன் போட்டேன். துணியறை என்று இப்போது ஒன்று இல்லை என்கிறார்கள். உடனே எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலை இல்லை. திட்டியாவது எழுது என்றாய், எழுதுகிறேன்.

ஏப்ரலிலேயே வேலை போய்விட்டது. துணி துவைக்கிற வேலையை வெளியாளிடம் கொடுத்துவிட்டு, துணியறையில் இருந்த எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அறை வாடகைக்கு வழியில்லாமல் தோழியோடு ஒண்டிக்கொண்டேன். அங்கே இங்கே பாத்திரம் கழுவினேன், படி துடைத்தேன். சரி, போதும், ஊருக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. துணிகளை முன்னால் அனுப்பிவிட வேண்டும். கைப்பையோடு வந்து இறங்க வேண்டும். மறுநாள் காலையில் அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்து திரும்ப வேண்டும். தோற்று வந்தவள் மாதிரி இல்லாமல், லீவில் வந்தவள் மாதிரி. அவ்வளவுதான் என் ஆசை. பெரிய ஆசையா இது?

எழுதியிருக்கலாமே என்பாய். வேலை போயிற்று என்று எழுதக் கை வரவில்லை. என் துணியைப் பார்த்தால் உனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். ஊரார் துணியைப் பார்த்து ஆளைச் சொல்கிறவளாயிற்றே நீ. எல்லாம் சரியாகத்தான் சொன்னாய். மெலிந்தது சரி, ஜன்னல் சரி, நூல் நிறம் சேராதது சரி. அது நான் என்பது மட்டும் உனக்குத் தெரியவில்லை. எனக்கென்று ஒருத்தரும் இல்லை என்று ஒருத்தி சொல்ல, அதற்கு நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய்.

எந்த வார்த்தை காதில் விழக் கூடாது என்று ஊரை விட்டுப் போனேனோ, அந்த வார்த்தையை நீ தபாலில் அனுப்பி வைத்தாய். அக்கா, அதை நீ சொன்னாய். தெருக்காரர்கள் இல்லை, நீ.

இப்போது நான் உடுத்தியிருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் இல்லை. இப்படி வந்து அந்தத் தெருவில் நிற்க மாட்டேன். முதலில் ஏதாவது சம்பாதித்து நாலு துணி வாங்குகிறேன். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

தங்கை


செப்டம்பர் 1

என் தங்கைக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். அப்புறம் சுண்ணாம்பு அடித்த அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அத்தான் வந்து பார்த்துவிட்டு, டயர் இரண்டையும் உருட்டிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு வந்தார். நான் சொல்லும்போதெல்லாம் அசையாத மனுஷன்.

அந்தப் பெண்ணுக்கு ஆள் இல்லை என்றோம். ஆள் இருந்தாள், எதிரிலேயே கத்தரியோடு உட்கார்ந்திருந்தாள். கண்தான் இல்லை.

கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். நர்ஸ் தேம்பித் தேம்பி அழுதார். அப்புறம் எல்லோரும் சேர்ந்து, திரும்பத் தைத்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஓரமெல்லாம் கத்தரித்தாயிற்று, தையல் பிடிக்கத் துணி எங்கே இருக்கிறது? கோட்டின் முதுகு விரிப்பாகி ஆசுபத்திரிக்குப் போய்விட்டது. அது இப்போது யாரோ ஒரு கைக்குழந்தைக்கு அடியில் கிடக்கும், அதை உருவிக்கொண்டா வர முடியும்? கேட்கவில்லை. விரிப்புத் துணியில் முதுகு வைத்து, இருக்கிற கைகளைப் பொருத்தி, நாலு சாயங்காலம் பாடுபட்டார்கள். முடித்து மாட்டி வைத்தார்கள். ஒரு கை முழங்கால் வரை தொங்குகிறது, இன்னொன்று மணிக்கட்டுக்கே எட்டவில்லை. டீச்சர் இரண்டு கைகளையும் பிடித்து நீட்டிப் பார்த்தார். மனசு வைத்து என்று ஆரம்பிப்பார் என்று நான் காத்திருந்தேன். "நல்லாயில்லை," என்றார். அந்த மாடியில் அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை.

அடுத்த வருஷம் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வருஷம் என்ன வாங்குவாய்? இன்னொரு பச்சைக் கோட்டா? அதை வாங்க இன்னும் எத்தனை படி துடைப்பாய்? வீம்புக்கு ஓர் அளவு வேண்டாமா? எனக்குக் கோட்டு வேண்டாம், நீதான் வேண்டும். உடுத்தியிருப்பதோடு வா. கிழிந்திருந்தால் கிழிந்ததோடு வா. துணியைக் கெடுத்தது நான், தைத்துத் தருவதும் நான்தான். இங்கே வந்து என்னைத் திட்டு. அவ்வளவு தூரத்திலிருந்து திட்டினால் எனக்குப் போதவில்லை.

அக்கா


செப்டம்பர் 17

அக்காவுக்கு,

அத்தான் டயரைக் கொடுத்துவிட்டார் என்பதை நம்ப முடியவில்லை. அவருக்கு உடம்பு சரியாகத்தானே இருக்கிறது?

வருகிறேன். தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இந்த அறையும் போகிறது. அதனால்தான் வருகிறேன், உன் கடிதத்துக்காக இல்லை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். அத்தானை மட்டும் அனுப்பு. உங்கள் கூட்டம் பஸ் நிலையத்துக்கு வரக் கூடாது. என்னைப் பார்த்து யாரும் அழக் கூடாது.

மாற்றுத்துணி சேரும் வரைதான் அங்கே இருப்பேன். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிற அளவுக்குத் துணி சேர்ந்ததும் வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விடுவேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மூஞ்சியைத் தூக்காதே.

தங்கை


நவம்பர் 22, கூடத்திலிருந்து

பக்கத்து அறையில் இருக்கும் தங்கைக்கு,

நீ மத்தியானம் தூங்குகிறாய். உன் சுகத்தைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டேன், குறட்டை நன்றாக வருகிறது. நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ எழுந்து போய்விடுவாய், இல்லை நான் கத்திவிடுவேன். நமக்குக் கடிதம்தான் சரிப்படுகிறது.

நீ வந்த அன்று நான் பயந்துகொண்டேதான் வாசலில் நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் உன்னைப் பார்த்து "பா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று முடித்தாளே, அது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கூட்டத்தில் யாரையும் இந்தப் பக்கம் வர விடவில்லை. பொத்தானம்மா மட்டும் வாசற்படியில் ஒரு டப்பா வைத்துவிட்டு ஓடிப் போனார். உன் பொத்தான் எல்லாம் அதில் இருக்கிறது. நீ அதைத் திறக்கவே இல்லை.

வந்த புதிதில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு, உன் இடதுகைக்குப் பொத்தான் பக்கம் சரிப்படாமல் தினமும் காலையில் நீ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. முந்தாநாள் கேட்டாயே, "கடையில ஒரு மணி நேரத்துல கோட்டையே சுருக்கித் தர்றே. எனக்கு ஒரு சட்டை தைக்க உனக்கு இத்தனை வாரமா?" என்று. நூல் நிறம் சேரவில்லை என்றேன். அதற்கு முன்னால் காஜா மெஷின் ரிப்பேர் என்றேன். இரண்டும் பொய்.

இரண்டு செட் தைத்துக் கொடுத்துவிட்டேன். ஒன்று உடுத்த, ஒன்று துவைக்க. இது மூன்றாவது. இது முடிந்தால் பெட்டியில் வைக்க ஒன்று ஆகிவிடும். பெட்டியில் வைக்க ஒன்று ஆனால் நீ பெட்டியைத் தூக்கிவிடுவாய். அதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலரைத் தைத்தேன், பிரித்தேன். மறுபடி தைத்தேன், மறுபடி பிரித்தேன். நன்றாகத்தான் இருந்தது. வந்த துணியை அன்றே பிரி என்று சட்டம் போட்டவள், தைத்ததையே பிரித்துக்கொண்டிருக்கிறேன். மாடியில் தெரிந்தால் சிரிப்பார்கள்.

போகாதேடி. அவ்வளவுதான் விஷயம். எனக்கென்றும் ஒருத்தர் வேண்டியிருக்கிறது. அத்தான் தூங்கிவிடுகிறார்.

இதைப் படித்ததும், அப்படியும் போகத்தான் போகிறேன் என்றால் சொல்லிவிடு. இன்றைக்கே சட்டையை முடித்துக் கொடுக்கிறேன்.

அக்கா


அதே தாளின் பின்பக்கம்

அக்காவுக்கு,

கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறாய், சுகமாகத்தான் இருக்கிறாய். வேறு தாள் தேடப் பொறுமை இல்லை, இதிலேயே எழுதுகிறேன்.

மெஷின்மேல் இருந்த காலரைப் பார்த்தேன். நீ பிரித்துப் பிரித்து விளிம்பு நைந்துவிட்டது. இனி ஒரு தடவை பிரித்தால் தாங்காது. அடுத்து கையைத் தைத்துப் பிரி. அதற்கப்புறம் பை இருக்கிறது, கீழ் மடிப்பு இருக்கிறது.

அந்த நர்ஸ் எந்நேரம் மாடிக்கு வருவார் என்று சொல். என்னைப் பார்த்து அந்தப் பச்சை எனக்குப் பொருந்தாது என்று அவர் நேரில் சொல்லட்டும், பார்க்கிறேன்.

சட்டைக்கு அவசரமில்லை. நிதானமாகவே தை.

தங்கை